மில் வேன் வருவதற்கு முன்னால்

திருச்சுழி டீக்கடையில் போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, பய பன்னெண்டாவது முடிச்சிட்டான். மில் வேன்காரர் திங்கக்கிழமையே அனுப்புங்கிறாரு. அனுப்பவா?"

நின்றபடி சொல்லக்கூடிய பதில் இல்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இதே கேள்வியோடு இந்தக் கரிசல் காட்டில் பல வீடுகள் இருப்பதால், அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நம் அப்பாமார் காலத்தில் கணக்கு எளிது. மழை பெய்தால் பருத்தி, சோளம், மல்லி. பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். இரண்டிலிருந்தும் தப்பிக்க அருப்புக்கோட்டைத் தறி, அதற்கும் மேலே நூல்மில். மில்லில் நிரந்தரமாகிவிட்டவனுக்குப் பெண் கொடுக்க யாரும் தயங்கியதில்லை. பிஎஃப், இஎஸ்ஐ, தீபாவளி போனஸ் எல்லாம் இருந்தது.

"மில்லு இன்னும் ஓடுதேண்ணே?" என்றார். ஓடுகிறது. உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். ரிங் ஃபிரேமில் நூல் நிறைந்த கண்டுகளைக் கையால் உருவி, வெறுங்கண்டுகளைச் செருகுவதற்கு டாஃபிங் என்று பெயர். ஒரு மெஷினுக்கு ஒரு கூட்டமே ஓடி ஓடிச் செய்த வேலை அது. ஆட்டோ டாஃபர் வந்த மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்களில் இருப்பதை மெஷினே ஒரே தடவையில் எடுத்து மாட்டிவிடுகிறது. கோன் வைண்டிங்கில் அறுந்த நூலைக் கையால் முடிச்சுப் போட்டார்கள். ஆட்டோகோனரில் காற்றை அடித்தே இழையோடு இழையைச் சேர்த்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பையனின் கைவேகத்துக்குத்தான் மில் சம்பளம் கொடுத்தது. அந்தக் கைவேகத்தை மெஷின் வாங்கிக்கொண்டது. வயதாகி ஓய்வு பெற்றவரின் இடத்தில் புது ஆளைப் போடாமல் விட்டாலே போதும், யாரையும் வெளியே அனுப்பாமலே ஆள்கணக்கு குறைந்துவிடும். அதனால்தான் இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை, பேப்பரிலும் வருவதில்லை.

மில் வேலையை நம்ப முடியாததற்கு இரண்டாவது காரணம் பஞ்சு. நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. 2022-இல் 356 கிலோ எடையுள்ள ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூலை அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. 2023 ஜூலை 15 முதல் உற்பத்தியை நிறுத்துவதாகத் தமிழகச் சிறு நூற்பாலைகள் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஆட்டம் கண்டது. திருப்பூருக்கு நூல் அனுப்புகிற ஊர்களும் சேர்ந்துதான் ஆடும். இப்படி நேரும்போது மில் முதலில் ஒரு ஷிப்டைக் குறைக்கிறது. யார் முதலில் நிற்பது? வேனில் வந்த பையன்தான். அவன் பெயர் காண்ட்ராக்ட்காரர் நோட்டில் இருக்கும், மில்லின் ரோலில் இருக்காது.

"அப்ப மில்லே வேண்டாங்கிறீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. மெஷின் ஓட்டுகிற ஆள் குறைந்தாலும் மெஷின் நின்றால் பழுது பார்க்கிற ஆள் வேண்டும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இல்லாமல் எந்த ஆட்டோகோனரும் ஓடாது. அதே கைத்தொழில் மில்லுக்கு வெளியேயும், தூத்துக்குடியிலும் ஓசூரிலும் சோறு போடும். அருப்புக்கோட்டை அரசு ஐடிஐயில் பையனைச் சேர்க்கப் பாருங்கள் என்றேன். படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸும் சைக்கிளும் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் என்று மாதம் ஆயிரம் ரூபாய் தனி. இரண்டு வருடப் பிரிவை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இல்லையென்றால் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸாகச் சேர்ந்து, மாத உதவித்தொகையோடு வேலை பழகலாம்.

பெண்பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டத்தின் பெயரில் ஆள் பிடித்த காலத்தை இந்தப் பக்கம் மறக்கக் கூடாது. பாதியில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. மாதச் சம்பளம் மாதாமாதம் வர வேண்டும். அதற்கு மாறாக யார் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அங்கே வரப்போகிற மில்களும் புது மெஷினோடுதான் வரும். கைத்தொழில் தெரியாமல் வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அங்கேயும் பழைய மில் வேலை கிடைக்காது.

வீட்டு நிலைமை இன்றைக்கே கூலி வந்தாக வேண்டும் என்று இருந்தால், வேனில் ஏறுவது தப்பில்லை. ஏறுகிற அன்றைக்கே பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் பையன் கேட்டு வாங்க வேண்டும். அது இரண்டும் இல்லாத வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் அவனை விட்டுவைக்காதீர்கள்.

அவர் திங்கக்கிழமை வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மகனோடு அருப்புக்கோட்டை பஸ் ஏறினார். உங்கள் வீட்டிலும் இந்த வருடம் பள்ளி முடித்த பிள்ளை இருந்தால், வேன்காரருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்த ஐடிஐ வாசல்வரை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.