சாலைக் கோடுகள் சொல்லும் கணக்கு

பேருந்தில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கை கிடைத்தால், சாலையின் நடுவே செல்லும் கோட்டைக் கவனித்துப் பாருங்கள். சிறிது தூரம் அது துண்டு துண்டாகச் செல்லும். பிறகு இடைவெளியே இல்லாத தொடர்கோடாக மாறும். சில இடங்களில் இரண்டு கோடுகள் இணையாகச் செல்லும். வண்ணம் பூசியவர் தம் விருப்பம்போல் போட்டுவிட்டுப் போன கோடுகளா இவை? இல்லை. இவற்றுக்குப் பின்னால், நீங்கள் வகுப்பில் படித்த 'தொலைவு = வேகம் × காலம்' என்ற எளிய கணக்கு இருக்கிறது.

நடுக்கோடு பிறந்த கதை

மோட்டார் வண்டிகள் வந்த தொடக்க காலத்தில் சாலைகளில் கோடு கிடையாது. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் வேன் மாவட்டத்தில், எட்வர்டு ஹைன்ஸ் என்பவரின் முயற்சியால் 1911-ஆம் ஆண்டில் நடுக்கோடு போடப்பட்டது. கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரால் என்ற பெண் மருத்துவர் சென்ற காரை 1917-இல் எதிரே வந்த லாரி ஒன்று சாலையை விட்டே இறங்க வைத்தது. அதன் பிறகு அவர் தாமே சாலையின் நடுவில் வெள்ளைக் கோடு வரைந்து காட்டி, எல்லாச் சாலைகளிலும் அதைப் போட வேண்டுமென்று பல ஆண்டுகள் வற்புறுத்தினார். 1924-இல் அந்த மாநிலம் அதை ஏற்றுக்கொண்டது.

சாலையை இரண்டாகப் பிரிக்க ஒரு கோடு போதும். ஆனால் வேகமான வண்டி மெதுவான வண்டியை முந்த வேண்டுமானால், எதிர்த்திசைக்குரிய பாதியில் சிறிது நேரம் ஓடியாக வேண்டும். இதை எங்கே செய்யலாம், எங்கே செய்யக் கூடாது? இங்கேதான் கணக்கு வருகிறது.

முந்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும்?

ஒரு லாரி மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். பின்னால் வரும் கார் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அதை முந்துகிறது. லாரியின் நீளம் 11 மீட்டர். காரின் நீளம் 4 மீட்டர். வலப்பக்கம் விலகும்போது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். முந்திய பின் மீண்டும் இடப்பக்கம் வரும்போது இன்னொரு 15 மீட்டர் வேண்டும். ஆக, லாரியைவிடக் கார் 45 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும்.

காரின் சார்பு வேகம் வினாடிக்கு 5 மீட்டர்தான். எனவே ஆகும் காலம் 45 ÷ 5 = 9 வினாடி. அந்த 9 வினாடியில் கார் சாலையில் 180 மீட்டர் ஓடிவிடும். எதிரே அதே வேகத்தில் ஒரு பேருந்து வந்தால் அதுவும் 180 மீட்டர் நெருங்கிவிடும். ஆகவே முந்தத் தொடங்கும் நேரத்தில் குறைந்தது 360 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்! ஓட்டுநர் யோசிக்கும் நேரத்தையும், கடைசியில் மிஞ்ச வேண்டிய பாதுகாப்பு இடைவெளியையும் நாம் இதில் சேர்க்கவே இல்லை. நம் நாட்டுச் சாலைகளுக்கு விதிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 470 மீட்டர் முந்துபார்வைத் தொலைவு வேண்டும் என்கிறது.

தூரம் போதாவிட்டால் என்ன ஆகும்? மேற்சொன்ன காரும் பேருந்தும் ஒன்றையொன்று வினாடிக்கு 40 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. 100 மீட்டர் இடைவெளி இரண்டரை வினாடியில் மறைந்துவிடும். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கே ஓட்டுநருக்கு இரண்டரை வினாடி ஆகலாம் என்று வைத்துத்தான் சாலைகளை வடிவமைக்கிறார்கள். அதாவது, கால் பிரேக்கைத் தொடும்போது மோதலும் நேர்ந்திருக்கும்.

கோடுகளின் பொருள்

இருவழிச் சாலையில் விட்டுவிட்டுச் செல்லும் கோடு, 'முந்துவதற்குத் தேவையான பார்வைத் தூரம் இங்கே இருக்கிறது' என்கிறது. தொடர்கோடு, 'அத்தூரம் இங்கே இல்லை. என்னைத் தாண்டாதே' என்கிறது. பல இடங்களில் தொடர்கோடு வருவதற்கு முன்பே துண்டுகள் நீண்டு, இடைவெளிகள் குறுகத் தொடங்கும். அது முன்னெச்சரிக்கை.

ஒரு தொடர்கோடும் ஒரு விட்டுவிட்ட கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்? ஒரு மேட்டை எண்ணிப் பாருங்கள். மேட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளி நேர்க்கோட்டில்தான் செல்லும். ஆகவே மேட்டுக்கு அப்பால் வரும் வண்டியை அவரால் பார்க்க முடியாது. ஆனால் அதே இடத்தில் எதிர்த்திசையில் செல்பவர் மேட்டைக் கடந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். அவர் முன்னே சாலை நெடுந்தூரம் தெரிகிறது. இடம் ஒன்றே; பார்வைத் தூரம் மட்டும் வேறு. அதனால் ஏறுபவர் பக்கம் தொடர்கோடு, இறங்குபவர் பக்கம் விட்டுவிட்ட கோடு. உங்களுக்கு அருகிலுள்ள கோடு எதுவோ, அதுவே உங்களுக்கு உரியது. மேட்டின் உச்சியிலும் கூர்மையான வளைவின் நடுவிலும் இரு திசையினருக்கும் பார்வை மறைகிறது. அங்கே இரண்டும் தொடர்கோடுகளாக இருக்கும்.

'வழி காலியாகத்தானே தெரிகிறது!' என்று அங்கே சிலர் துணிந்து முந்துகிறார்கள். அவர்கள் காண்பது காலியான சாலையை அல்ல; சாலையின் ஒரு பகுதியை மட்டுமே.

இரவில் ஒளிர்வது எப்படி?

கோடு போடும் தெர்மோபிளாஸ்டிக் பொருளை உருக்கிச் சாலையில் இடும்போது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கண்ணாடி மணிகளை அதன்மேல் தூவுகிறார்கள். வண்டியின் முன்விளக்கு ஒளி மணிக்குள் நுழைகையில் விலகல் அடைந்து குவிகிறது. அடியிலுள்ள வண்ணப்பரப்பில் பட்டு எதிரொளித்து, மீண்டும் விலகல் அடைந்து, ஏறத்தாழ வந்த வழியே திரும்புகிறது. அதனால் அது ஓட்டுநரின் கண்ணை அடைகிறது. மழை நாளில் மணிகளை நீர்ப்படலம் மூடிவிடும். அப்போது ஒளி நீர்ப்பரப்பில் பட்டு முன்னோக்கிச் சிதறிப் போய்விடுவதால் கோடு மங்கிவிடுகிறது. மழை இரவில் வேகத்தைக் குறைக்க இதுவும் ஒரு காரணம்.

கோடு சொல்லாதது

ஒன்றை மறந்துவிடாதீர்கள். விட்டுவிட்ட கோடு முந்தும்படி கட்டளையிடவில்லை. பார்வைக்குத் தூரம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது; எதிரே வண்டி வருகிறதா என்பதை ஓட்டுநரின் கண்தான் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் வேகமும் கோட்டுக்குத் தெரியாது. மேலே கண்ட கார் வினாடிக்கு 20 மீட்டருக்குப் பதில் 17.5 மீட்டர் வேகத்தில் சென்றால், சார்பு வேகம் 2.5 மீட்டர்தான். முந்த 18 வினாடி ஆகும். அதற்குள் கார் 315 மீட்டரும், எதிரே வரும் பேருந்து 360 மீட்டரும் ஓடிவிடும். தேவையான தூரம் 675 மீட்டராகிவிடுகிறது!

இன்று நீங்கள் மிதிவண்டியில் செல்பவர்களாக இருக்கலாம். சில ஆண்டுகளில் உங்களில் பலர் ஓட்டுநர் உரிமம் பெறுவீர்கள். அதற்கு முன் ஒரு பயிற்சி: மேற்கண்ட கணக்கில் 11 மீட்டர் லாரிக்குப் பதிலாக 18 மீட்டர் நீளமுள்ள டிரெய்லர் லாரி சென்றால், 20 மீட்டர் வேகத்தில் வரும் கார் முந்த எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? (விடை: 416 மீட்டர்.) இதை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், தொடர்கோட்டை ஏன் தாண்டக் கூடாது என்று உங்களுக்கு வேறு எவரும் சொல்ல வேண்டியதில்லை.