பிறை பார்க்க வாங்கிய தொலைநோக்கியைப் பராமரிப்பது எப்படி?

ரமலானை ஒட்டிப் பிறை பார்க்கவென்றே தொலைநோக்கி வாங்கும் குடும்பங்கள் இப்போது உண்டு. (அதன் வழியே கண்ட பிறை ஏற்கப்படுமா என்பது தனிக் கட்டுரைக்குரிய பேச்சு, இங்கே கருவியை மட்டும் பார்ப்போம்.) பெருநாள் முடிந்ததும் அது பரணில் ஏறிவிடுகிறது. மறு வருடம் இறக்கினால், கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை! கடலோர ஊர்களில் ஈரக்காற்று செய்யும் வேலை இது.

காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையென்றால் ஈரம் ஏறியதை அதுவே காட்டிவிடும். சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். பனி படிந்த கருவியைத் துடைக்கவும் வேண்டாம், உடனே மூடவும் வேண்டாம். அறைக்குள் தானாக உலர்ந்த பிறகு மூடுங்கள்.

அடிக்கடி துடைப்பதும் கெடுதல்தான். பிரதிபலிக்கும் கண்ணாடியின் மேற்பரப்பில் இருப்பது தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய அலுமினியப் பூச்சு. கைலி முனையால் ஒருமுறை தேய்த்தாலே கீறல் விழும். காவலூர் வேணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் கண்ணாடிக்கே அவ்வப்போது புதிதாகப் பூச்சு ஏற்ற வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தூசி காட்சியைக் கெடுக்காது. ரப்பர் பந்தால் காற்றடித்தால் போதும்.

புதிதாக வாங்குவோர், பெட்டியில் அச்சிட்ட '500 மடங்கு' என்பதை நம்ப வேண்டாம். 150 மி.மீ. கண்ணாடிக்குச் சுமார் 300 மடங்குதான் எல்லை. பிறைக்கு 30, 40 மடங்கே தாராளம். அதைவிட முக்கியம் ஆடாத தாங்கி. மொட்டை மாடியில் ஒருவர் நடந்தாலே காட்சி குலுங்கும். பகல் வெயிலைக் குடித்த தளம் இரவிலும் அனல் விடுவதால், தண்ணீர் தெளித்துத் தளத்தைக் குளிரவைத்து, அது காய்ந்ததும் கருவியை அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்றும் உண்டு. பிறையைத் தேடும் இடம் சூரியன் மறையும் இடத்துக்குப் பக்கத்தில்தான். தொலைநோக்கி வழியே சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் விழித்திரை கருகும். அங்கே வலி தெரியாததால் பிள்ளை கண்ணை எடுக்கவும் மாட்டான். பார்க்கும் முனையில் திருகும் கறுப்புக் கண்ணாடி கூடவே வந்திருந்தால் எறிந்துவிடுங்கள். சூட்டில் வெடிக்கக்கூடியது அது. மக்ரிப் பாங்கு காதில் விழுந்து, சூரியன் முழுதாக மறைந்ததும் தெரிந்த பிறகே மூடியைத் திறப்பது என்று வீட்டில் கட்டாயமாக்கிவிடுங்கள்.