வளையத்தின் நடுவே ஓர் உலோகம்

வண்ண அச்சில் நாம் காணும் நீலம் பெரும்பாலும் செப்பு தாலோசயனின் என்ற நிறமியிலிருந்து வருகிறது. கார்பனும் நைட்ரஜனும் கோத்த தட்டையான பெரிய வளையம், அதன் நடுவே ஓர் உலோக அயனி, அமைப்பு அவ்வளவுதான். நம் குருதியின் ஹீமில் இரும்பும், இலையின் பச்சையத்தில் மக்னீசியமும் இதே போன்ற வளையங்களில்தான் அமர்ந்திருக்கின்றன. நீரில் கரையும்படி மாற்றிய இத்தகைய வளையங்கள், புரதங்கள் திரண்டு அமிலாய்டு நார்களாவதைத் தடுக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அந்தப் பெருமை முழுவதையும் வளையத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. நடுவிலுள்ள உலோகத்தை மாற்றினால் தடுக்கும் திறனே மாறிவிடுகிறது.

அல்சைமர் நோயில் பீட்டா அமிலாய்டும், பார்க்கின்சன் நோயில் 140 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சைனுகிளினும் இப்படித் திரள்கின்றன. முழு நார்களைவிட, அவற்றுக்கு முன் உருவாகும் சிறு திரள்களே நரம்பணுக்களை அதிகம் வதைப்பதாகப் பலர் கருதுகிறார்கள். ஆகவே தொடக்கத்திலேயே குறுக்கிட வேண்டும். சில போர்பிரின் (ஹீமிலுள்ள வளைய வகை), தாலோசயனின் சேர்மங்களைத் தொற்று ஏற்படுத்திய சமயத்திலேயே செலுத்தியபோது, திரிந்த புரதத்தால் பரவும் பிரியான் நோய்க்கு ஆளான எலிகள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்ததாக 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2009இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகர ஆய்வுக் குழுவினர், ஜெர்மனி ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தாலோசயனின் வகைச் சேர்மம் ஒன்று ஆல்ஃபா சைனுகிளினின் 39ஆவது இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிப் பிடிக்கிறது என்று கண்டார்கள். உலோகத்தின் பங்கு அதன் பிறகு துலங்கியது. இந்த வளையங்கள் அப்பளக் கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும் இயல்புடையவை. புரதத்தைத் தடுப்பதில் அந்த அடுக்குக்குப் பெரும் பங்குண்டு. நடுவில் நிக்கல் இருந்தால் வளையம் தட்டையாகவே இருந்து நன்றாக அடுக்கிக்கொள்ளும். அலுமினியம் இருந்தாலோ, அதனோடு பிணைந்த வேறொரு மூலக்கூறு வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக நீட்டி நிற்கும். அடுக்கு குலையும், தடுக்கும் திறனும் சரியும். வளையம் ஒன்றுதான், விளைவு வேறு.

உலோகம் நஞ்சாகாதா என்று கேட்பது நியாயம். தளர்ந்து திரியும் உலோக அயனிதான் பெரும் ஆபத்து. வளையத்துக்குள் இறுகப் பூட்டிய உலோகத்தின் நடத்தை வேறு. வைட்டமின் பி12இல் கோபால்ட் அப்படித்தான் இருக்கிறது. இவற்றை மருந்தாக்குவதற்கு இதைவிட வலுவான தடை, மின்னூட்டம் கொண்ட பெரிய மூலக்கூறுகளை மூளைக்குள் எளிதில் விடாத குருதி–மூளைத் தடுப்பு. சில தாலோசயனின்கள் ஒளி பட்டால் உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குவதும் உண்மை. அமிலாய்டைக் குறிவைப்பதே வீண் என்போருக்கு ஒரு பதில் உண்டு. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற, அமிலாய்டைக் குறிவைக்கும் லெக்கானமாப் என்ற மருந்து, 18 மாதச் சோதனையில் அல்சைமர் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது. பயன் சிறிது, மூளை வீக்கமும் குருதிக்கசிவும் உண்டு; ஆனாலும் இலக்கு பொய்யல்ல என்பதற்கு அது சான்று. ஆகவே மருந்து தேடுவோர் வளையத்தோடு உலோகத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த வளையங்கள் எதுவும் இன்றுவரை அல்சைமருக்கோ பார்க்கின்சனுக்கோ மருந்தாகவில்லை. செம்பு, துத்தநாக மாத்திரைகள் இவற்றுக்கு ஈடல்ல. மருத்துவர் சொல்லாமல் அவற்றை வாங்கி விழுங்காதீர்கள்.