பட்டம் வாங்கிய பிறகு டாக்டர் யாரிடம் படிக்கிறார்?

டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டத்தின் மேல் நம் கண் போகும். எந்தக் கல்லூரி, எம்.டி.யா எம்.எஸ்.ஸா என்று பார்ப்போம். அடியில் 1989 என்றோ 1994 என்றோ ஆண்டு இருக்கும். அதற்குப் பிறகு மருத்துவத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. மாறியதையெல்லாம் இவர் எப்போது படித்தார், யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

நம் ஊரில் எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதன்மேல் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். ஆக எட்டரை வருடம், தப்பு நடந்தால் தடுத்துத் திருத்த மேலே ஒருவர் இருப்பார். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது வருடம் டாக்டர் தனி ஆள். சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவர் என்ன மருந்து எழுதுகிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க யாரும் கிடையாது.

அனுபவம் இருக்கிறதே என்பீர்கள். கைராசிக்கார டாக்டர் என்று தேடிப் போகும் ஊர் நம்முடையது. ஆனால் 2005-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இது தொடர்பான 62 ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை வேறு விதமாகச் சொன்னன. தொழிலில் வருடங்கள் கூடக்கூட, அன்றைய தேதிக்குச் சரியான சிகிச்சை தருவது குறைகிறது. வயதான டாக்டரிடம் போகாதீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நோயாளி உள்ளே நடந்து வருவதைப் பார்த்தே பாதி நோயைக் கண்டுகொள்ளும் பார்வை வருடங்களால்தான் வரும். சிக்கல் என்னவென்றால், இளமையில் கற்றது ஆழமாகப் பதிந்துவிடுகிறது; அது பழசாகிப்போனது பதிந்தவருக்குத் தெரிவதில்லை. தனக்கு எது தெரியாது என்று தானே கணிப்பதில் டாக்டர்கள் அடிக்கடி தவறுகிறார்கள் என்று 2006-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. திறமை குறைந்தவர்களிடமும் தன்மேல் நம்பிக்கை மிகுந்தவர்களிடமும்தான் இந்தப் பிசகு அதிகம்.

இதற்கு உயிர்கள் விலையான ஓர் உதாரணம் உண்டு. மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது, மூச்சுக்குத் திணறும். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-லேயே சோதித்து வெளியிட்டார்கள். மலிவான மருந்து. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி இதைக் கட்டாயம் கொடுங்கள் என்று அழுத்திச் சொன்னது 1994-ல். இடைப்பட்ட 22 வருடமும் மருத்துவ இதழ்கள் வந்துகொண்டுதான் இருந்தன, மாநாடுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஊசி கிடைத்திருக்க வேண்டிய தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் டாக்டர்கள் படிப்பதே இல்லையா? படிக்கிறார்கள். சி.எம்.இ. என்று அவர்கள் சொல்வது இந்தத் தொடர்கல்வியைத்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரமாவது தொழில்முறைக் கூட்டங்களில் பங்கேற்க வேண்டும் என்று 2002-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிமுறையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஹோட்டல் ஹால், வரிசையாக நாற்காலி, திரையில் ஸ்லைடு, பெரிய பேராசிரியர் ஒருவரின் உரை, மதியச் சாப்பாடு, இத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்ட சான்றிதழ். உரைகள் பல நேரம் நன்றாகவே இருக்கும். ஆனால் திங்கட்கிழமை ஓ.பி.யில் டாக்டரின் பேனா மாற்றி எழுதுகிறதா? கனடாவைச் சேர்ந்த டேவ் டேவிஸும் உடன் இருந்தவர்களும் 1999-ல் இதையே கேட்டு, முறையாக நடந்த 14 சோதனைகளைத் தொகுத்தார்கள். உட்கார்ந்து கேட்கும் உரை மட்டும் என்றால் டாக்டரின் நடைமுறை மாறவில்லை. செய்து பார்ப்பதும் விவாதிப்பதும் பயிற்சிக்குள் இருந்தால் மாற்றம் தெரிந்தது.

செய்து பார்ப்பது என்றால் எவ்வளவு, எப்படி? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் தான்சானியாவின் வடக்கில், ஹேடம் என்ற கிராமப்புறத்து மருத்துவமனையிலிருந்து வந்தது.

பிறந்த குழந்தை அழவில்லை என்றால் முதல் ஒரு நிமிடம்தான் எல்லாம். ஈரத்தைத் துடைத்து முதுகைத் தேய்த்துத் தூண்ட வேண்டும். அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கும் வாயும் மூடும்படி சின்ன மாஸ்க்கை வைத்து, ஆம்பு பேக்கை அழுத்திக் காற்று செலுத்த வேண்டும். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிந்தாலோ, கழுத்து அதிகம் சாய்ந்தாலோ மார்பு ஏறாது. இதைச் சொல்லிக்கொடுக்க அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-ல் ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தது. அதற்கென்றே ஒரு பொம்மைக் குழந்தையும் வந்தது. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பிறந்த குழந்தையின் கனம் வந்துவிடும். தொப்புள்கொடியில் நாடி துடிக்க வைக்கவும் பொம்மையை அழ வைக்கவும் பயிற்சியாளர் கையில் சின்ன ரப்பர் பல்புகள் இருக்கும். கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

ஹேடம் மருத்துவமனையில் 2010-ல் ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஏழு மாதம் கழித்து அதே பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சிக்கு முன் நூற்றுக்கு 18 பேர்தான் சரியாகச் செய்தார்கள். இப்போது 74 பேர். இங்கேயே நிறுத்தியிருந்தால் பெரிய வெற்றி என்று அறிக்கை எழுதி முடித்திருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. பிரசவ அறையில் உண்மையான குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டே வந்தார்கள். அங்கே எதுவும் மாறவில்லை. பொம்மையிடம் தேர்ச்சி பெற்ற கை, நிஜக் குழந்தையிடம் பழையபடியே நடந்தது. பயிற்சி பலன் தராததை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து அவர்கள் செய்தது எளிமையானது. 2011-லிருந்து வெளியாள் வந்து நாள் முழுக்க நடத்தும் வகுப்புக்குப் பதிலாக, வேலை நடக்கும் இடத்திலேயே, டியூட்டியின் நடுவே, சில நிமிடங்கள் மட்டும் பொம்மையை வைத்துப் பழகினார்கள். அதே மருத்துவமனையின் ஆட்களே ஒருவரையொருவர் பார்த்துத் திருத்தினார்கள். திரும்பத் திரும்ப, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்று இருந்தது 7.2 ஆகக் குறைந்தது. அதே பாடம், அதே பொம்மை. மாறியது பழகிய விதம் மட்டும். அங்கே பழகியவர்களில் பெரும்பாலோர் மருத்துவச்சிகள். டாக்டரானாலும் கைக்குப் பழக்கம் ஏறும் வழி வேறல்ல. கச்சேரி எத்தனை கேட்டாலும், பாட வேண்டியவருக்கு வீட்டில் தினசரி சாதகம் வேண்டியிருக்கிறதல்லவா, அதேதான்.

கை வேலை போகட்டும், மருந்து எழுதும் பழக்கத்தை எப்படி மாற்றுவது? இதை மருந்துக் கம்பெனிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. டாக்டரின் வாசலில் பையோடு காத்திருக்கும் மெடிக்கல் ரெப்பைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிமிடம் நேரில் பேசுவார், ஒரே ஒரு விஷயம் சொல்வார், அடுத்த மாதம் மறுபடி வருவார். ஹார்வர்டைச் சேர்ந்த ஜெர்ரி அவோர்ன் இந்த வழியை விற்பனைக்கு அல்லாமல் பாடத்துக்குப் பயன்படுத்தினார். எதையும் விற்காத மருந்தாளுநர்கள் டாக்டர்களின் அறைக்கே போய், இந்த மருந்து இந்த நோய்க்கு உதவாது, காரணம் இது என்று ஆதாரத்தோடு பேசினார்கள். அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 435 டாக்டர்களை வைத்து நடந்த அந்தச் சோதனை 1983-ல் வெளிவந்தது. அவர்கள் போய்ப் பேசிய டாக்டர்களிடம் தேவையற்ற மருந்து எழுதுவது, மற்றவர்களோடு ஒப்பிட 14 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் டாக்டரின் அறைக்குத் தவறாமல் வந்து பாடம் சொல்பவர் இன்றைக்கும் ரெப் மட்டும்தான் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. மாநாட்டுக்குப் போகும் டாக்டரின் பயணச் செலவைக் கம்பெனி ஏற்கக் கூடாது, பேச்சாளராகப் போனால் மட்டும் விதிவிலக்கு என்று 2024-ல் மத்திய அரசு மருந்து விற்பனைக்கான நெறிமுறை கொண்டுவந்தது. நல்லது. ஆனால் கம்பெனி விட்டுப்போகும் இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதற்கும் சேர்த்து ஏற்பாடு வேண்டும்.

நிரப்பிக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். சஞ்சீவ் அரோரா, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஈரல் நோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர். பரந்து கிடக்கும் ஏழை மாநிலம் அது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருந்தார்கள். அன்றைய மருந்தின் பக்கவிளைவுகள் கடுமையானவை, ஊர் டாக்டர்கள் தொடப் பயந்தார்கள். 2003-ல் அவர் எக்கோ என்ற திட்டத்தை ஆரம்பித்தார். வாரம் ஒருமுறை வீடியோவில் கிராமத்து டாக்டர்களும் நிபுணர்களும் கூடுவார்கள். ஊர் டாக்டர் தன்னிடம் வந்த நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், விவரம் வைப்பார். ரத்தப் பரிசோதனையில் இது குறைகிறது, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்பார். நிபுணர் பதில் சொல்வார். மற்ற ஊர் டாக்டர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நோயாளி எங்கேயும் போக வேண்டாம், வைத்தியம் பார்ப்பது ஊர் டாக்டரேதான்.

இது சரிப்படுமா என்று 407 நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. அரோராவின் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோய்க்கிருமி நீங்கியது 57.5 சதவீதம் பேருக்கு. எக்கோவில் சேர்ந்த கிராம மையங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம் பேருக்கு. கடுமையான பக்கவிளைவுகள் ஊர்ப்புறத்தில்தான் குறைவு. ஒரு நோயாளிக்குக் கிடைத்த பதில் அந்த டாக்டருக்குப் பாடமாகி, அவரிடம் அடுத்து வரும் நோயாளிக்கும் உதவுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதே வழியில் மனநலத்திலும் போதைப் பழக்கச் சிகிச்சையிலும் வெளியூர் டாக்டர்களைப் பழக்கிவருகிறது.

கல்லூரிப் படிப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2019-லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியிருக்கிறது. மாணவர் இதைச் செய்தார், தானாகச் செய்யத் தேறினார் என்று லாக் புக்கில் கையெழுத்து வேண்டும். நோயாளியிடம் பேசும் விதமும் பாடமாக வந்திருக்கிறது. சரியான திசைதான். ஆனால் கை பழக வேண்டிய அந்த ஹவுஸ் சர்ஜன் வருடத்தை நீட் பி.ஜி. விழுங்கிவிடுகிறது. வார்டில் தையல் போடப் பழக வேண்டிய பிள்ளை நாலில் ஒரு விடையைக் குறிக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. இதில் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டு அந்தத் தேர்வை வைத்துத்தான்.

இங்கிலாந்தில் 2012 கடைசியிலிருந்து ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தன் உரிமத்தை மறுஉறுதி செய்ய வேண்டும். அதற்கு உரை கேட்ட மணிக்கணக்கு மட்டும் போதாது. வருடாவருடம் இன்னொரு டாக்டரோடு உட்கார்ந்து தன் வேலையைப் பேச வேண்டும். நோயாளிகளும் கூட வேலை செய்பவர்களும் சொல்லும் கருத்தும் கோப்பில் இருக்க வேண்டும். எழுத்து வேலை அதிகம் என்ற புகார் அங்கே உண்டு, அதில் நியாயமும் உண்டு. நம் ஊரில் காலையிலிருந்து வரிசை குறையாத ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் இன்னொரு கோப்பை நீட்டினால் அவர் பயிற்சியை வெறுப்பார். அவருக்கு வேண்டியது வாரத்தில் ஒரு மணி நேரம், ஓ.பி.யை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு. அந்த ஒரு மணியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை நிபுணரோடு வீடியோவில் தன் நோயாளியைப் பற்றிக் கேட்கலாம். பிரசவ வார்டு ஓரத்தில் நர்ஸ்களோடு நின்று பொம்மைக்கு ஆம்பு பேக் பிடித்துப் பழகலாம். 30 மணிக்கணக்கில் அந்த நிமிடங்களையும் எழுதிக்கொள்ளும்படி அந்தக் கவுன்சிலின் இடத்தில் இப்போது இருக்கும் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தெளிவாக்கட்டும், ஓ.பி.க்கு மாற்று டாக்டரை சுகாதாரத் துறை தரட்டும்.