உங்களுக்குத் தெரியுமா? தழும்பை ஆற்றும் ஊசி முனை

● கோவையின் தோல் மருத்துவமனைகளில் பருத்தழும்புக்குச் செய்யும் ‘மைக்ரோநீட்லிங்’ சிகிச்சையில், மரத்துப்போக க்ரீம் தடவி நுண்ணூசிகளால் தோலைத் துளைக்கிறார்கள். குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் அரும்பும். காயத்தை ஆற்றப் புதிய கொலாஜன் புரதம் உருவாகி, பள்ளம் மெல்ல மேடேறும்.

● 2013இல் வெளியான மும்பை ஆய்வில் வழுக்கை விழுந்த 100 ஆண்கள் பங்கேற்றனர். முடி வளர்ச்சி மருந்தான மினாக்சிடில் மட்டும் தடவியவர்களைவிட, வாரம் ஒருமுறை ஊசி உருளையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 12 வாரங்களில் முடி அதிகம் முளைத்தது.

● வெயிலால் வரும், புற்றுநோயாக மாறக்கூடிய சொரசொரப்புத் திட்டுகளில் முதலில் நுண்ணூசியால் துளையிட்டால், ஒளி சிகிச்சைக்கான மருந்து ஆழமாக இறங்கும்.

● ஆறாத புண், நிறம் மாறும் மச்சம், சீழ்ப்பரு மீது ஊசி உருளையை உருட்டவே கூடாது. ஒருவரின் உருளையை மற்றவர் பயன்படுத்தினால் ரத்தம் வழியே தொற்று பரவலாம்.

● சிகிச்சைக்குப் பின் சில நாள் தோட்டங்காட்டு வெயிலைத் தவிருங்கள். மாநிறத் தோலில் கருந்திட்டு விழலாம்.