கம்பெனிகள் நடத்திய போர்: ஹைதராபாத்தில் நடந்தது என்ன?

அரசுகள் ஒடுங்கிப்போக, பெருநிறுவனங்கள் சொந்தப் படை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று தாக்கும் எதிர்காலத்தை அறிவியல் புனைகதைகளிலும் வீடியோ கேம்களிலும் அடிக்கடி பார்க்கிறோம். தென்னிந்தியாவில் இது நடந்து முடிந்த கதை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலும் பாரிஸிலும் பங்குதாரர்களை வைத்திருந்த இரண்டு வணிக நிறுவனங்கள் ஆற்காடு, திருச்சி, ஹைதராபாத் என்று ஊர் ஊராக மோதிக்கொண்டன. செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அந்தப் போர்கள் புரியும்.

வியாபாரிகளுக்குப் படை எதற்கு?

ஆங்கிலேய கிழக்கிந்திய கம்பெனி 1600இல் தொடங்கியது. கிறிஸ்தவர் அல்லாத மன்னர்களோடு போர் தொடுக்கவும் சமாதானம் பேசவும் 1661இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அதற்கு உரிமை வழங்கினார். பிரெஞ்சு கம்பெனி 1664இல் வந்தது. தொடக்கத்தில் இரண்டின் வீரர்களும் கிடங்குக் காவலர்களே.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அதை மீட்க வந்த ஆற்காடு நவாபின் பெரும்படையை, அடுத்த மாதமே அடையாற்றங்கரையில் சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை சிதறடித்தது. அணிவகுத்துச் சுடப் பயிற்சி பெற்ற காலாட்படைக்கு இங்கே நல்ல விலை கிடைக்கும் என்பது புதுச்சேரி ஆளுநர் டூப்ளேவுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

ஹைதராபாத் எப்படிச் சிக்கியது?

1748இல் முதலாம் நிஜாம் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. ஆற்காட்டிலும் நவாப் பதவிக்குப் போட்டி. ஆளுக்கொரு தரப்பை இரண்டு கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 1748 முதல் 1756 வரை பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானத்தில் இருந்தன. நாடுகள் சும்மா இருக்க, கம்பெனிகள் மட்டும் இங்கே போரிட்டன.

1751இல் டூப்ளேவின் தளபதி புஸ்ஸி, சில நூறு ஐரோப்பியரோடும் சுமார் 2,000 சிப்பாய்களோடும் தக்காணத்துக்குப் போய், சலாபத் ஜங்கை நிஜாமாக அமர்த்தினார். படைக்குச் சம்பளம் பாக்கி விழுந்தபோது புஸ்ஸி ரொக்கம் கேட்கவில்லை, வரி வசூலிக்கும் உரிமையைக் கேட்டார். 1753இல் ஏலூரு, ராஜமுந்திரி, ஸ்ரீகாகுளம், முஸ்தபாநகர் ஆகிய நான்கு சர்க்கார்களின் (மாவட்டங்களின்) வருவாய் பிரெஞ்சுப் படைச் செலவுக்கென்று எழுதித் தரப்பட்டது. கடலோர ஆந்திர விவசாயி கட்டிய வரி, பிரெஞ்சு சிப்பாயின் சம்பளமாயிற்று.

1756இல் நிஜாம் புஸ்ஸியை வேலையிலிருந்து நீக்கினார். புஸ்ஸி நாட்டை விட்டுப் போகாமல் ஹைதராபாத்தின் சார் மஹால் அரண்மனைத் தோட்டத்துக்குள் புகுந்து அரண் அமைத்துக்கொண்டார். நிஜாமின் படை சுற்றி வளைத்தும் அசைக்க முடியவில்லை. ஆகஸ்டில் உதவிப் படை வந்து சேர்ந்ததும், நீக்கிய நிஜாமே அவரைத் திரும்ப ஏற்க வேண்டியதாயிற்று. சம்பளம் கொடுத்தவரால் வேலையாளை வெளியேற்ற முடியவில்லை.

ஆனாலும் பிரெஞ்சுக்காரர்களால் நிலைக்க முடியவில்லை. செலவைக் கண்டு பயந்த நிர்வாகம் டூப்ளேவை 1754இலேயே திருப்பி அழைத்திருந்தது. 1758இல் புஸ்ஸியும் ஹைதராபாத்திலிருந்து அழைக்கப்பட்டார். 1759இல் மசூலிப்பட்டினம், 1760இல் வந்தவாசி, 1761இல் புதுச்சேரி என்று வரிசையாகத் தோல்வி. பிரெஞ்சு கம்பெனியின் வணிக உரிமை 1769இல் நிறுத்தப்பட்டது.

1798 அக்டோபர் 22 அன்று என்ன நடந்தது?

போட்டி நிறுவனம் போனாலும் தொழில் போகவில்லை. வியாபாரம் செய்ய 1775இல் புதுச்சேரிக்கு வந்த ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், பிற்பாடு நிஜாமுக்காகப் படை திரட்டினார். சில நூறு பேரில் தொடங்கியது சுமார் 14,000 பேராக வளர்ந்தது. பீரங்கி வார்க்கும் பட்டறையும் வைத்தார். அந்த இடம் இன்றும் கன்ஃபவுண்டரி. உள்ளூர்க்காரர்கள் அவரை மூசா ராம் ஆக்கிக்கொண்டார்கள். மூசாராம்பாக் மெட்ரோ நிலையத்தின் பெயர் அவருடையது.

ரேமண்ட் 1798 மார்ச்சில் இறந்தார். செப்டம்பர் 1ஆம் தேதி நிஜாம் ஆங்கிலேய கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார்: கம்பெனியின் 6,000 சிப்பாய்கள் ஹைதராபாத்தில் இருப்பார்கள், அதற்கு ஆண்டுக்கு 24,17,100 ரூபாய், பிரெஞ்சு அதிகாரிகளின் படை கலைக்கப்பட வேண்டும்.

கலைப்பு உத்தரவு வந்ததும் பிரெஞ்சு முகாம் குழம்பியது. சம்பள பாக்கி கேட்டு சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள், அக்டோபர் 22 அன்று, கம்பெனிப் படை முகாமைச் சூழ்ந்தது. பாக்கி தரப்படும் என்று வாக்குறுதி கிடைத்ததும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். பெரிய ரத்தச் சேதமில்லாமல் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. முன்னின்று நடத்திய ரெசிடென்ட் (நிஜாம் அவையில் கம்பெனியின் பிரதிநிதி) கிர்க்பாட்ரிக் பிறகு கோட்டியில் கட்டிய மாளிகை இப்போது மகளிர் பல்கலைக்கழக வளாகம்.

உண்மையில் தோற்றது யார்?

பாதுகாப்புக்குப் பணம் கட்டியவர். சந்தா கட்டுவதற்கு ஈடாக நிஜாம் 1800இல் பெல்லாரி, அனந்தபூர், கடப்பா பகுதிகளைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அவை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அடுத்து, பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இருந்த ஹைதராபாத் கண்டிஞ்சன்ட் படைக்கும் நிஜாமே சம்பளம் தர வேண்டியிருந்தது. அதற்கு வில்லியம் பால்மர் கம்பெனி என்ற வட்டிக்கடை அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தது. கடைசியில் படைச் செலவு பாக்கிக்காக 1853இல் பெரார் பகுதியும் கைமாறியது. தன்னைக் காக்க வந்த படைக்குக் கடன்பட்டே நிஜாம் நாட்டின் பகுதிகளை இழந்தார். இப்படி அடுத்தவர் வருவாயில் வளர்ந்த கம்பெனிப் படை 1803 வாக்கில் சுமார் இரண்டு லட்சம் பேர் ஆனது. 1857 எழுச்சிக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் அரசு அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது.

இன்று இது சாத்தியமா?

வடிவம் மாறியிருக்கிறது. 1995இல் சியரா லியோன் அரசுக்காக எக்சிகியூட்டிவ் அவுட்கம்ஸ் நிறுவனம் போரிட்டது. 2007இல் பாக்தாத்தில் பிளாக்வாட்டர் காவலர்கள் சுட்டு 17 பேர் இறந்தார்கள். ரஷ்யாவின் வாக்னர் படை 2023 ஜூனில் தன்னை வளர்த்த அரசுக்கு எதிராகவே திரும்பியது.

தனியார் இராணுவ நிறுவனங்களுக்கான 2008ஆம் ஆண்டு மாண்ட்ரோ ஆவணம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் தனியார் காவல் நிறுவனங்களை 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. ஆயுத உற்பத்தி 2001 முதல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டு, ஹைதராபாத்திலேயே இராணுவ ட்ரோன்கள் தயாராகின்றன. ஆயுதம் செய்து விற்பதும் ஆளனுப்பிப் போரிடுவதும் ஒன்றல்ல. ஒரு நிறுவனம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று அறிய, அதன் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: கூலி பணமாகத் தரப்படுகிறதா, அல்லது சுரங்கமாகவும் வரி உரிமையாகவும் எழுதித் தரப்படுகிறதா? வேலைக்கு வைத்தவர் வேண்டாம் என்றால் அந்தப் படை வெளியேறுமா? இரண்டுக்கும் தவறான பதிலில் கையெழுத்திட்டவர்தான் 1753இல் சலாபத் ஜங்.