தொலைவிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம்

என் வீட்டிற்கும் நான் பணியாற்றும் கல்லூரிக்கும் இடையே 30 கிலோமீட்டர் தொலைவு. செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை வீட்டுக் கணிப்பொறியிலேயே விட்டுவிட்டு ஒரு நாள் கல்லூரிக்கு வந்துவிட்டேன். மாலை 4 மணிக்குள் பட்டியலை ஒப்படைத்தாக வேண்டும். பேருந்தில் போய்த் திரும்ப நேரமில்லை. கல்லூரிக் கணிப்பொறியின் முன் அமர்ந்து சில விசைகளைத் தட்டினேன். வீட்டுக் கணிப்பொறியின் திரை என் கண்முன் தோன்றியது! இங்கே நான் விசையை அழுத்த, அங்கே எழுத்து பதிந்தது. பட்டியல் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. ஒரு வாரம் கழித்து எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் இது நடப்பது எப்படி என்று பார்ப்போம்.

திரை பயணம் செய்யும் விதம்

கணிப்பொறித் திரை என்பது சின்னஞ்சிறு வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. பரவலாக உள்ள ஒரு திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும் எனக் கொண்டால், ஒரு முழுத் திரைக்கு 62,20,800 பைட்டுகள். விநாடிக்கு 30 முறை திரையை அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள் என்பதால், விநாடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள் அனுப்ப வேண்டும். வீட்டு இணைய இணைப்பு விநாடிக்கு 10 கோடி பிட்டுகள் தாங்கும் என்றாலும், இது அதைப் போலப் பதினைந்து மடங்கு!

அப்படியானால் திரை எப்படி வந்து சேர்கிறது? மாறிய பகுதியை மட்டுமே அனுப்புகிறார்கள். நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் 20க்கு 20 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு கட்டம்தானே மாறுகிறது? அதற்கு 1,200 பைட்டுகள் போதும். முழுத் திரையோடு ஒப்பிட்டால் இது ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். அதையும் சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும்.

இந்த முறையில் அமைந்ததே வி.என்.சி. என்னும் மென்பொருள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் 1990களில் இது உருவாயிற்று. புள்ளிகளை மட்டுமே அனுப்புவதால் எந்த வகைக் கணிப்பொறியிலும் இயங்கும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஆர்.டி.பி. முறை தொடக்கத்தில் வேறு வழியைக் கையாண்டது. 'இந்த இடத்தில் ஒரு கட்டம் வரை, அந்த இடத்தில் இந்த எழுத்தை இடு' என்று கட்டளைகளை அனுப்பியது. படத்தை அனுப்புவதைவிட, படம் வரையும் முறையைச் சொல்லி அனுப்புவது சிக்கனம் அல்லவா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுத் திரை வெளியே போக வேண்டும். ஆகவே வீட்டு இணைப்பில் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகமே முக்கியம்.

வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

இணையத்தில் பழைய முறை முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் இவை போதா. எனவே ஒரு வீட்டிலுள்ள பல கருவிகள் ரூட்டரின் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஒரு மாணவர் விடுதியை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மாணவர் வெளியே கடிதம் எழுதினால், பதில் வரும்போது காப்பாளர் அவரிடம் கொடுத்துவிடுவார். ஆனால் பெயரில்லாமல், விடுதி முகவரி மட்டும் எழுதிய கடிதம் வந்தால் அதை யாரிடம் கொடுப்பது? ரூட்டரின் நிலையும் இதுவே. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை அது ஒதுக்கிவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, 'இந்த எண்ணுக்கு வரும் அழைப்பை இந்தக் கணிப்பொறிக்கு அனுப்பு' என்று ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்து வைப்பது. இரண்டு, இடையில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியை வைத்துக்கொள்வது. வீட்டுக் கணிப்பொறியும் கல்லூரிக் கணிப்பொறியும் அந்த இடையாளையே நாடும். அவர் இருவரையும் இணைத்து வைப்பார். டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஆகியவை இவ்வகை. மூன்று, நமக்கே உரிய பூட்டிய சுரங்கப்பாதை ஒன்றை அமைத்து, அதன் வழியே வீட்டுக்குள் நுழைவது. வயர்கார்டு போன்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன.

இரண்டாம் வழி எளிது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வீடும் கல்லூரியும் சென்னைக்கு அருகில், இடையாள் சிங்கப்பூரில் எனக் கொள்வோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்த் தொலைவு சுமார் 2,900 கிலோமீட்டர். திரைச் செய்தி முழுவதும் இடையாள் வழியாகவே போனால், நான் அழுத்திய விசை சிங்கப்பூர் போய் வீட்டை அடைந்து, மாறிய திரை மீண்டும் சிங்கப்பூர் வழியே என்னிடம் வர வேண்டும். ஆக நான்கு பயணம், 11,600 கிலோமீட்டர், 58 மில்லி விநாடி. நேர்வழியில் 30 கிலோமீட்டர் போய் வர 0.3 மில்லி விநாடியே போதும்! எந்த மென்பொருளும் ஒளியின் வேகத்தை மீற முடியாது. இதனால்தான் சில மென்பொருள்கள், அறிமுகம் முடிந்ததும் இடையாளை விலக்கி இருவரையும் நேராக இணைக்க முயல்கின்றன.

அந்த அதிர்ச்சி

நான் அன்று கையாண்டது முதல் வழி. ஆர்.டி.பி.யின் வழக்கமான வாயில் எண் 3389. அதை ரூட்டரில் திறந்து வைத்திருந்தேன். ஒரு வாரத்திற்குப் பின் வீட்டுக் கணிப்பொறியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். யார் யாரோ என் கணிப்பொறியில் நுழைய முயன்று தோற்ற குறிப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன! என்மீது யாருக்கும் பகை இல்லை. திறந்த வாயில்களைத் தேடி இணையம் முழுவதும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடவுச்சொல் நீளமாக இருந்ததால் தப்பினேன். என் மாணவர்களின் மதிப்பெண்கள் அனைத்தும் அந்தக் கணிப்பொறியில் இருந்தன என்பதை நினைத்தபோது கை நடுங்கியது.

கடவுச்சொல் மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. பழைய விண்டோஸ் பதிப்புகளின் ஆர்.டி.பி.யில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய வழி தரும் ஒரு குறை 2019இல் வெளிப்பட்டது. அது 'புளூகீப்' எனப் பெயர் பெற்றது. தொடக்க கால வி.என்.சி.யிலோ கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வந்தன. திரைச் செய்தியும் குறியாக்கம் இன்றியே பயணம் செய்தது. அன்றே அந்த வாயிலை மூடினேன். இப்போது சுரங்கப்பாதை வழியாகத்தான் போகிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. எனக்குத் திரையே வேண்டுமா? அன்று எனக்கு வேண்டியது ஒரு கோப்பு மட்டுமே. அதற்காக முழுத் திரையையும் வரவழைத்தது வீண். 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். முறையில் கோப்பை மட்டும் பாதுகாப்பாகக் கொண்டு வந்திருக்கலாம்.

2. வீட்டுக் கணிப்பொறி இதற்கு இடம் தருமா? விண்டோஸின் 'ஹோம்' பதிப்பு ஆர்.டி.பி. அழைப்பை ஏற்காது, 'புரொபஷனல்' பதிப்பு ஏற்கும். முன்னதற்கு வி.என்.சி. அல்லது இடையாள் முறையே பொருந்தும். மின்சாரம் போய் வந்தால் கணிப்பொறி தானே இயங்கத் தொடங்குமாறு அமைத்திருக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

3. வழி நேரானதா, இடையாள் வழியா? இடையாள் என்றால் அவரை நம்ப வேண்டும். தாமதத்தையும் பொறுக்க வேண்டும்.

4. பூட்டு எத்தகையது? குறியாக்கம், நீண்ட கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 'வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை நிறுவி, திரையில் தெரியும் எண்ணைச் சொல்லுங்கள்' என்று தொலைபேசியில் கேட்பவர்கள், உங்கள் திரையின் சாவியையே கேட்கிறார்கள். 2019இல் ரிசர்வ் வங்கியே இத்தகைய மோசடி குறித்து எச்சரித்தது. இதை வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

செய்து பாருங்கள்

கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் 'பிங்' கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, பக்கத்தில் ஓர் இணையதளத்தின் பெயரை இடுங்கள். செய்தி போய் வர ஆகும் நேரம் மில்லி விநாடியில் தெரியும். அதை 100ஆல் பெருக்குங்கள். 10 மில்லி விநாடி என்றால் 1,000 கிலோமீட்டர். உங்களுக்குப் பதில் தந்த கணிப்பொறி அதைவிடத் தொலைவில் இருக்க முடியாது. ஏன் 100ஆல் பெருக்குகிறோம்? மேலே சொன்ன ஒளியின் வேகத்தைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள்.